சிஓபிடி: இளைப்பு அடங்கிய நாள்களில் பார்க்க வேண்டிய வைத்தியம்

மூச்சு முட்டினால் பக்கத்து கிளினிக்குக்கு ஓடுவது, ஒரு ஊசி, கொஞ்ச நேரம் நெபுலைசர், மூன்று நாளைக்கு மாத்திரை. இளைப்பு அடங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அடுத்த முறை முட்டும்வரை மருந்தைப் பற்றி நினைப்பதே இல்லை. நம் ஊரில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலர் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதில் பெரிய நஷ்டம் இருக்கிறது. ஒவ்வொரு கடும் இளைப்புக்குப் பிறகும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். சிலர் முழுதாகத் திரும்புவதே இல்லை. இந்த நோயின் உண்மையான வைத்தியம் இளைப்பு இல்லாத நாள்களில் நடக்கிறது. அதில் பெரும்பகுதியை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப மருத்துவரிடமோ செய்துகொள்ள முடியும்.

மருந்துச் சீட்டில் இதைச் 'சிஓபிடி' என்று எழுதியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர். உலக அளவில் இறப்புக்கான காரணங்களில் இதற்கு நான்காம் இடம்.

உள்ளே என்ன நடக்கிறது?

பல வருடம் புகையோ தூசியோ போய்ப் போய் மூச்சுக்குழாய்களின் உள்சுவர் தடித்து, சளி அதிகமாகச் சுரந்து, காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. இன்னொரு பக்கம், குழாய்களின் முனையில் உள்ள காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. அந்தச் சுவர்கள்தான் சின்னக் குழாய்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருந்தவை. அவை போன பின், மூச்சை வெளியே விடும்போது குழாய் அமுங்கிக்கொள்கிறது. காற்று உள்ளே போகிறது, முழுதாக வெளியே வருவதில்லை. பழைய காற்று தங்கிவிடுவதால் புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. உட்கார்ந்திருக்கும்போது இது அவ்வளவாகத் தெரியாது. வேகமாக நடந்தாலோ படி ஏறினாலோ மூச்சு வேகமாகி, ஒவ்வொரு மூச்சிலும் இன்னும் கொஞ்சம் காற்று தேங்கும். நடையின் நடுவே நின்று மூச்சு வாங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சிதைந்த நுண்ணறைகள் திரும்ப வளராது. எந்த மருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. குழாயைத் தளர்த்துவது, சளியையும் வீக்கத்தையும் குறைப்பது, மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுப்பது ஆகியவை நம் கையில் இருக்கின்றன.

பீடி, சிகரெட், சுருட்டு முதல் காரணம். ஆனால் 'நான் பீடியைத் தொட்டதே இல்லை' என்பவருக்கும் இது வரும். காற்றோட்டமில்லாத சமையலறையில் இருபது முப்பது வருடம் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்த பெண்கள், கல்குவாரி, பஞ்சாலை, அரிசி ஆலையில் தூசியோடு வேலை பார்த்தவர்கள், முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், சிறு வயதில் அடிக்கடி நெஞ்சுச்சளியால் அவதிப்பட்டவர்கள் எல்லாரும் இந்தப் பட்டியலில் உண்டு. பெண்களிடம் இந்த நோய் தவறிப்போவது அதிகம். 'வயசாயிடுச்சு, உடம்பு பெருத்துடுச்சு, அதான் மூச்சு வாங்குது' என்று வீட்டிலும் சொல்வார்கள், சில நேரம் மருத்துவரும் சொல்லிவிடுவார். நாற்பது வயதைத் தாண்டியவர், நாள்பட்ட இருமலோ சளியோ மூச்சு வாங்குவதோ இருக்கிறது, புகை அல்லது தூசியில் காலம் கழித்திருக்கிறார் என்றால் சோதனை செய்தே தீர வேண்டும்.

ஊதிப் பார்க்காமல் உறுதி செய்ய முடியாது

மார்பு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக சிஓபிடி இல்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே எடுப்பது காசநோய், புற்றுநோய், இதய வீக்கம் போன்றவற்றைப் பார்ப்பதற்காக. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் காசநோய்க்குச் சோதிப்பதும் கட்டாயம். இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

உறுதி செய்யும் சோதனை ஸ்பைரோமெட்ரி. முதலில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சல்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 மைக்ரோகிராம் இன்ஹேலரில் நான்கு பஃப் (நான்கு அழுத்து), ஸ்பேசர் என்ற இடைக்குழல் வழியாகக் கொடுத்து 15 நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, குழாயை உதடுகளால் இறுக்கிக் கவ்விக்கொண்டு ஒரே வேகத்தில் வெடித்தாற்போல் ஊத வேண்டும். ஊதத் தொடங்கிய பின் நிறுத்தக் கூடாது. 'இன்னும், இன்னும்' என்று பக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல ஆறு நொடி, முடிந்தால் அதற்கு மேலும் ஊத வேண்டும். குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் தேவை. அவற்றில் சிறந்த இரண்டுக்குள் வித்தியாசம் 150 மில்லியைத் தாண்டக் கூடாது. பாதியில் இருமினாலோ, மெதுவாக ஆரம்பித்தாலோ, உதட்டோரம் காற்று கசிந்தாலோ அந்த ஊதல் செல்லாது. ரிப்போர்ட்டில் எண்களுக்கு முன் வளைகோட்டைப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. மோசமாக ஊதிய சோதனை, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். இருப்பதை மறைக்கவும் செய்யும்.

இரண்டு எண்கள் முக்கியம். முதல் நொடியில் வெளியே வந்த காற்றின் அளவு எஃப்இவி1. மொத்தமாக ஊதிய அளவு எஃப்விசி. ஒருவருக்கு முதல் நொடியில் 1.2 லிட்டரும் மொத்தம் 2.4 லிட்டரும் வந்தால் விகிதம் 0.50. மருந்துக்குப் பிறகும் விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு உறுதி. 0.60க்கும் 0.80க்கும் இடையில் வந்தால் இன்னொரு நாள் திரும்ப ஊதிப் பார்ப்பது நல்லது. அடைப்பு எவ்வளவு கடுமை என்பதை எஃப்இவி1 சொல்லும்: அந்த வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 80 சதவீதமோ மேலோ இருந்தால் லேசு, 50 முதல் 79 நடுத்தரம், 30 முதல் 49 கடுமை, 30க்குக் கீழே மிகக் கடுமை.

ஸ்பைரோமீட்டர் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடையாது. ஒரு முறை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போய் ஊதிவிட்டு, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உள்ளூரில் வைத்தியத்தைத் தொடரலாம். மாரடைப்பு வந்தோ கண் அறுவை சிகிச்சை செய்தோ சில வாரங்கள்தான் ஆகியிருந்தால், சளியில் ரத்தம் வந்தால், காசநோய் சந்தேகம் இருந்தால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டும்.

ஆஸ்துமாவோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். சிறு வயதிலிருந்தே வந்து போகும் இளைப்பு, அலர்ஜி, ஒரு நாள் சுத்தமாக இல்லாமல் மறுநாள் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது ஆகியவை ஆஸ்துமாவின் பக்கம். சிஓபிடி மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். முழுதாக விட்டுப்போகும் நாள் இராது. இந்தப் பிரிவினை மருந்தை மாற்றும்: ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலர் ஸ்டீராய்டு இல்லாமல் நீண்ட நேர விரிப்பான் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) மட்டும் கொடுப்பது ஆபத்து. சிஓபிடியிலோ எல்லாருக்கும் ஸ்டீராய்டு தேவைப்படாது.

எந்த மருந்து, யாருக்கு?

மருத்துவர் இரண்டு கேள்விகளை வைத்து முடிவெடுக்கிறார். அன்றாடம் எவ்வளவு மூச்சு வாங்குகிறது? போன ஒரு வருடத்தில் எத்தனை முறை கடும் இளைப்பு வந்தது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்ததா? சமதரையில் ஒத்த வயதுக்காரரோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குகிறார், அல்லது தன் வேகத்தில் நடந்தாலே நிற்க வேண்டியிருக்கிறது என்றால் அது பொருட்படுத்த வேண்டிய அளவு. இதைச் சரியாகச் சொல்ல நோயாளிக்குக் கொஞ்சம் உதவி வேண்டும். பலர் மூச்சு வாங்கக் கூடாது என்று நடப்பதையே குறைத்துக்கொண்டு 'ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கேன்' என்பார்கள். 'போன வருஷம் கடைக்கு நடந்து போனீர்களா, இப்போது போகிறீர்களா?' என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

சல்பியூட்டமால் சில நிமிடங்களில் வேலை செய்து நான்கைந்து மணி நேரம் நிற்கும்; திடீர் இளைப்புக்கு அது போதும். தினசரி வைத்தியத்துக்கு நீண்ட நேரம் நிற்கும் விரிப்பான்கள் வேண்டும். டயோட்ரோபியம் நாளுக்கு ஒரு வேளை, ஃபார்மெட்ரால் நாளுக்கு இரண்டு வேளை. பெரும்பாலோருக்கு இந்த இரு வகையும் சேர்ந்த இன்ஹேலர், ஒரு வகையை மட்டும் எடுப்பதைவிட நன்றாக உதவும். வாய் உலர்வது டயோட்ரோபியத்தின் சாதாரணப் பக்கவிளைவு. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்ஹேலர் ஸ்டீராய்டு தேவைப்படுவது, விரிப்பான்கள் எடுத்தும் கடும் இளைப்பு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு. யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதைச் சாதாரண ரத்தச் சோதனையில் வரும் ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை சொல்லும்: ஒரு மைக்ரோலிட்டரில் 300க்கு மேல் என்றால் பலன் அதிகம், 100க்குக் கீழே என்றால் அநேகமாக இல்லை. நம் ஊரில் வயிற்றுப் புழுவாலும் ஈசினோஃபில் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேவையில்லாதவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நிமோனியா வரும் வாய்ப்பு கூடுகிறது.

இளைப்புக்குப் பலர் விழுங்கும் டெரிபிலின் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு, பழகிய பெயர், கேட்டதும் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். பலன் சின்னது. சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதோடு சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். இன்ஹேலர் கிடைக்கும்போது இதில் தொங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவது அதைவிட மோசம்: சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தசை வலுவிழக்கும்.

இன்ஹேலர் பழகினால் விடாது, கடைசிக் கட்டத்தில்தான் அதைக் கொடுப்பார்கள் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. இரண்டுமே தவறு. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடம்பெல்லாம் சுற்றும் மருந்தை, இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. கை நடுக்கமும் படபடப்பும் குறைவது அதனால்தான்.

மருந்து உள்ளே போகிறதா?

'இன்ஹேலர் எடுத்தும் கேட்கவில்லை' என்று வருபவரிடம் மருந்தை மாற்றுவதற்கு முன், எப்படி எடுக்கிறார் என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தவறு இல்லாமல் எடுப்பவர்கள் குறைவு.

நம் ஊரில் அதிகம் புழங்குவது ரோட்டாஹேலர், கேப்ஸ்யூலில் உள்ள பொடியை இழுக்கும் கருவி. அதற்கான கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு; கடைக்காரர் சொல்லித்தராவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? கேப்ஸ்யூலின் ஒளிபுகும் பக்கம் முதலில் போகும்படி சதுரத் துளையில் வைத்து, மேல்விளிம்புக்குச் சமமாகும் வரை அழுத்த வேண்டும். அடிப்பாகத்தைத் திருகினால் கேப்ஸ்யூல் இரண்டாகப் பிரிந்து பொடி உள்ளே கொட்டும். கருவியை வாயிலிருந்து தள்ளி வைத்து மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதினால் வாய் ஈரம் பட்டுப் பொடி ஒட்டிக்கொள்ளும். பிறகு உதடுகளால் இறுக்கி, வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பு. எடுத்துவிட்டு பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். திறந்து பார்த்தால் பொடி மிச்சம் இருக்கலாம். இருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். எத்தனை முறை இழுத்தும் பொடி மிஞ்சுகிறது என்றால், அவருக்கு இழுக்கும் வலு போதவில்லை. மருத்துவரிடம் சொல்லி, அழுத்தினால் மருந்து பீய்ச்சும் பஃப் இன்ஹேலருக்கு, ஸ்பேசரோடு மாற வேண்டும்.

பஃப் இன்ஹேலரில் இழுப்பு நேர்மாறு: மெதுவாக, நான்கைந்து நொடி எடுத்து. பொடிக்கு வேகம், பஃபுக்கு நிதானம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதால்தான் பாதிப் பிரச்சினை. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்தி, பத்து நொடி அடக்க வேண்டும். கையையும் மூச்சையும் ஒத்திசைக்க வயதானவர்களுக்குக் கஷ்டம். ஸ்பேசர் போட்டால் அந்தக் கவலை இல்லை: ஒரு பஃப் அழுத்தி, நிதானமாக ஐந்தாறு மூச்சு. இரண்டு பஃபை ஒன்றாக அழுத்தக் கூடாது; அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடி குலுக்கி அடுத்தது. ஸ்பேசரை வாரம் ஒரு முறை லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டீராய்டு உள்ள எந்த இன்ஹேலருக்குப் பிறகும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும், குரல் கம்மும்.

மருந்தைவிடப் பெரியது

பீடியை நிறுத்துவது மட்டும்தான் நுரையீரல் தேய்வின் வேகத்தையே மாற்றுகிறது. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு எஃப்இவி1 ஆண்டுக்குச் சுமார் 60 மில்லி குறைகிறது என்றால், நிறுத்தியவர்களுக்கு அது ஏறக்குறைய 30 மில்லி. போனது திரும்பாது, மிச்சமிருப்பது நீண்ட நாள் வரும். 'விட்டுடுங்க' என்ற ஒற்றைச் சொல்லால் நடக்கிற காரியம் இல்லை இது. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி தேவைப்படுபவருக்கு நிக்கோட்டின் கம் 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். கம்மைச் சூயிங்கம் மாதிரி தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, சுவை அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். விழுங்கும் எச்சிலில் போகும் நிக்கோட்டின் பலன் தராமல் வயிற்றைத்தான் புரட்டும். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

விறகடுப்பை உடனே விட முடியாத வீட்டில், அடுப்பை வெளியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைப்பதும், காய்ந்த விறகை மட்டும் எரிப்பதும், நோயாளியைச் சமையலிலிருந்து விலக்குவதும் முடிந்தவரை உதவும். கேஸ் இணைப்பு இருந்தும் சிலிண்டர் விலைக்குப் பயந்து விறகுக்குத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். இதைக் குறையாகப் பேசாமல், நோயாளி இருக்கும் நேரத்திலாவது கேஸ் என்று ஏற்பாடு செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை வலுவிழந்து, அதே நடைக்கு இன்னும் அதிக மூச்சு தேவைப்படும். ஆகவே நடக்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில், முதலில் ஐந்து நிமிடமானாலும் சரி, வாரத்தில் ஐந்து நாள். கொஞ்சம் கொஞ்சமாக 20, 30 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது தொடைக்கு நல்ல பயிற்சி. மூச்சு முட்டும்போது மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, சூடான காப்பியை ஊதுவது போல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விட வேண்டும். இது குழாய்கள் அமுங்காமல் பிடித்து, தேங்கிய காற்றை வெளியேற்றுகிறது. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி வருடா வருடம், மழைக்காலத்துக்கு முன். நிமோகாக்கல் தடுப்பூசி எது, எத்தனை தவணை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இளைப்பு கூடும்போது

ஓரிரு நாளில் மூச்சு வாங்குவது கூடுகிறது, சளி அதிகமாகிறது, அல்லது வெள்ளையாக இருந்த சளி மஞ்சள், பச்சையாகிறது. இதுதான் எச்சரிக்கை. சல்பியூட்டமால் 1 அல்லது 2 பஃப், ஸ்பேசரில், மணிக்கு ஒரு முறை என்று இரண்டு மூன்று முறை எடுத்து, பிறகு 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தள்ளலாம். தினசரி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் பிரெட்னிசலோன் 30 அல்லது 40 மில்லிகிராம் ஐந்து நாளைக்குக் கொடுப்பார். ஐந்து நாள் முடிந்ததும் அப்படியே நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகள் அந்த நாள்களில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக் எல்லா இளைப்புக்கும் தேவையில்லை. சளி நிறம் மாறி, கூடவே மூச்சோ சளியின் அளவோ கூடியிருந்தால் அமாக்சிசிலின் அல்லது டாக்சிசைக்ளின் போன்றது ஐந்து நாள். லெவோஃப்ளாக்சசின் வகையை முதலிலேயே எடுக்கக் கூடாது. காசநோய் இருந்தால் அது அறிகுறியை அரைகுறையாக அடக்கிக் கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும். தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் மூச்சையே மந்தமாக்கும், தொடவே கூடாது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, குழப்பமாகப் பேசுகிறார், பகலில் காரணமில்லாமல் தூங்கி வழிகிறார், காலில் புதிதாக வீக்கம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் வழக்கத்தைவிடக் குறைந்து 88 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். ஆக்சிமீட்டர் மாட்டும்போது விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு இருக்கக் கூடாது. கருத்த தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

ஆம்புலன்சிலும் வார்டிலும் ஆக்சிஜன் கொடுக்கும்போது இலக்கு 88 முதல் 92 சதவீதம். நூறைத் தொட வைக்க முயன்றால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். நோயாளியின் சீட்டிலேயே இந்த எண்ணை எழுதி வைப்பதும், 'இவருக்கு சிஓபிடி' என்று உடன் போகிறவர் வாய்விட்டுச் சொல்வதும் அவசியம்.

வீட்டு ஆக்சிஜன் எல்லாருக்கும் உரியதில்லை. இளைப்பு அடங்கிய நிலையில், ஓய்வில் இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து இருப்பவர்களுக்கு, நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்தால்தான் ஆயுளைக் கூட்டும். மூச்சு முட்டும்போது மட்டும் பத்து நிமிடம் வைப்பதில் அந்தப் பலன் கிடையாது. ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது. முகத்தில் தீப்பிடித்தவர்கள் உண்டு.

ஒரு கடும் இளைப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவரை நான்கு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், 12 முதல் 16 வாரத்துக்குள் இன்னொரு முறை. பிறகு நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இன்ஹேலரைக் கையோடு எடுத்துவரச் சொல்லி. எடை குறைகிறதா, மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறார், பீடி நின்றதா, மனம் சோர்ந்திருக்கிறதா, ரத்த அழுத்தம், சர்க்கரை என்ன என்பதை அந்த ஒரே வருகையில் பார்த்துவிடலாம். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சிஓபிடியும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வரும் அதே இடத்தில் மூச்சைப் பற்றியும் கேட்கும்படி நோயாளியே எடுத்துச் சொல்லலாம்.